பொண்ணு செராமிக்ஸ்ல பி.எச்டி பண்ணி புரொஃபசர் ஆகணும்கிறா, விடலாமா?

சார், உங்க மெசேஜ முழுசா படிச்சேன். பொண்ணு மெட்டீரியல்ஸ் சயின்ஸ்ல மாஸ்டர்ஸ் முடிக்கப்போறா, அடுத்து அட்வான்ஸ்டு செராமிக்ஸ்ல பி.எச்டி, அப்புறம் யுனிவர்சிட்டி வேலைன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, நீங்க டைல்ஸும் வாஷ்பேசினும் செய்ற துறைக்கு எதுக்கு டாக்டர் பட்டம்னு கேக்குறீங்க. அந்த டைல்ஸ் கவலைய மொதல்ல ஓரமா வைங்க. உங்க போனுக்குள்ள பேரியம் டைட்டனேட்ல செஞ்ச கடுகு சைஸ் கெப்பாசிட்டருங்க நூத்துக்கணக்குல இருக்கு, அதெல்லாம் செராமிக். ஸ்பார்க் பிளக்ல வெள்ளையா தெரியுறது அலுமினா, பல் டாக்டர் மாட்டுற கிரவுன்ல நெறைய சிர்கோனியா, அணு உலைல எரிபொருளா போடுற யுரேனியம் ஆக்சைடு வில்லையும் செராமிக் தான். 2016-ல சர்வீசுக்கு வந்த லீப்ங்கிற விமான ஜெட் என்ஜின்ல டர்பைன் பக்கத்துல ஒரு பாகம் சிலிக்கான் கார்பைடு காம்போசிட், அதுவும் செராமிக் தான். துறைல வேலைக்குப் பஞ்சம் வரும்னு பயப்பட வேணாம், நீங்க பயப்பட வேண்டிய எடம் வேற.

அது புரொஃபசர்ங்கிற போஸ்ட். ஒரு புரொஃபசர் தன்னோட சர்வீஸ்ல பத்து பேர், இருபது பேருன்னு பி.எச்டி கைடு பண்ணி வெளிய அனுப்புறார், அவர் ரிட்டையர் ஆனா காலியாகுறது ஒரே ஒரு சீட்டு, சில சமயம் அதையும் வேற டிபார்ட்மெண்ட் தூக்கிட்டுப் போயிடும். இந்தக் கணக்கு எந்த நாட்டுக்குப் போனாலும் பெருசா மாறாது. பி.எச்டி நாலுல இருந்து ஆறு வருஷம், போஸ்ட்டாக் (பி.எச்டிக்கு அப்புறம் பண்ற தற்காலிக ஆராய்ச்சி வேலை) ரெண்டுல இருந்து நாலு வருஷம், அதுக்கப்புறம் அசிஸ்டெண்ட் புரொஃபசர் கிடைச்சாலும் வேலை நிரந்தரம் ஆகுறதுக்கு பல எடத்துல இன்னும் அஞ்சாறு வருஷம். அதனால பி.எச்டி முடிச்சா புரொஃபசர்னு நெனச்சு அனுப்பாதீங்க, பி.எச்டி முடிச்சா நல்ல ஒரு மெட்டீரியல்ஸ் ஆராய்ச்சியாளர், அதுல ஒரு வழி புரொஃபசர், இப்படி நெனச்சு அனுப்புங்க. அவகிட்டயும் இன்னிக்கே முடிவு கேக்காதீங்க, போஸ்ட்டாக்ல ரெண்டாவது வருஷம் முடியறப்போ கேட்டா போதும், அப்போ அவ கைல எத்தனை ஃபர்ஸ்ட் ஆத்தர் பேப்பர் (அவ பேரு மொதல்ல வர்ற ஆராய்ச்சிக் கட்டுரை) இருக்கு, சொந்தமா ஒரு ஐடியா இருக்கான்னு அவளுக்கே தெளிவா தெரிஞ்சிடும்.

ஏன் இவ்ளோ வருஷம் இழுக்குதுன்னு நெறைய பேரண்ட்ஸ் கேக்குறாங்க, பிள்ளை சரியா படிக்கலையோன்னு சந்தேகம் வேற. செராமிக் லேப் வேலை எப்படின்னு தெரிஞ்சா இந்தக் கேள்வியே வராது. பவுடர வாங்கி அரைக்கணும், அதுவே ஒரு நாள் ஓடும், காய வச்சு சலிச்சு அச்சுல அழுத்தணும், அப்புறம் ஃபர்னஸ்ல வச்சு அலுமினான்னா 1500, 1600 டிகிரி வரைக்கும் மெதுவா சூடேத்தி மெதுவா எறக்கணும், அவசரப்பட்டா வெடிச்சிடும். உள்ள போன பீஸ் ஒவ்வொரு பக்கமும் 15, 20 சதவீதம் சுருங்கி வெளிய வரும், நேரா வரலாம் வளைஞ்சும் வரலாம். அப்புறம் அடர்த்தி பாத்து, பாலிஷ் போட்டு, படிக அமைப்பு பாக்குற எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன், எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்னு கியூல நிக்கணும். உலோகத்துல நாலஞ்சு சாம்பிள் இழுத்துப் பாத்து பலம் இவ்ளோன்னு சொல்லிடலாம். செராமிக்ல ஒரே பவுடர், ஒரே அச்சு, ஒரே ஃபர்னஸா இருந்தாலும் ஒவ்வொரு பீஸும் ஒவ்வொரு பலத்துல உடையும், ஏன்னா உள்ள இருக்கிற பெரிய ஓட்டையோ கீறலோ எதுவோ அதுதான் எப்ப உடையணும்னு முடிவு பண்ணுது. அதனால ஸ்வீடன்காரர் வைபுல் 1951-ல எழுதின புள்ளியியல் முறைல தான் கணக்கு போடுறாங்க, நம்பகமா சொல்லணும்னா ஒரு பேட்சுக்கு 30 பீஸ் மாதிரி உடைக்கணும். ஒரு கிராஃப்ல ஒரு புள்ளிக்கு 30 பீஸ், இப்போ எத்தனை மாசம்னு நீங்களே போட்டுப் பாருங்க. கம்ப்யூட்டர் மாடலிங் பண்ற ஃப்ரெண்டு வருஷத்துக்கு மூணு பேப்பர் போடுறான்னு இவள கம்பேர் பண்ணாதீங்க ப்ளீஸ்.

ஆனா இந்தப் பொறுமைல தான் பெரிய விஷயமே கிடைக்குது. சுத்தமான சிர்கோனியா சூட்டுல இருந்து எறங்கும்போது 1000 டிகிரி கிட்ட படிக அமைப்பு மாறி கிட்டத்தட்ட 4, 5 சதவீதம் பெருக்கும், பீஸ் தூள் தூளா விரிசல் விட்டுடும், ரொம்ப காலம் இது ஒரு தலைவலி. 1975-ல ஆஸ்திரேலியால கார்வி, ஹேனிங்க், பாஸ்கோன்னு மூணு பேரு அந்த பெருக்கத்தையே விரிசல நிறுத்துறதுக்கு பயன்படுத்தலாம்னு காட்டினாங்க, விரிசல் வர்ற எடத்துல படிகம் மாறி உப்பி அதை அமுக்கிடும். இன்னிக்கு பல்லுல சிர்கோனியா தாங்குறது அந்த வித்தையால. 2010-ல கொலராடோல ரிஷி ராஜ் குழு சிர்கோனியா மேல மின்புலம் கொடுத்து 850 டிகிரிலயே சில செகண்டுல சின்டர் பண்ணி, அதாவது பவுடர உருக்காமலே இறுக வச்சுக் காட்டினாங்க, அது ஏன் அப்படி நடக்குதுன்னு இன்னும் சண்டை போட்டுட்டு இருக்காங்க. அடிப்படைக் கேள்வியே இவ்ளோ பாக்கி இருக்கிற துறைல புதுசா வர்றவங்களுக்கு எடம் உண்டு.

இப்போ முக்கியமானது. யுனிவர்சிட்டி ரேங்கிங்க பாக்காதீங்க, கைடையும் லேபையும் பாருங்க. ரேங்கிங்ல மேல இருக்கிற எடத்துல ஒரே ஒரு ஹை டெம்பரேச்சர் ஃபர்னஸ் இருந்து அதுக்கு பன்னண்டு பேர் அடிச்சுக்கிட்டா உங்க பொண்ணு ரெண்டு வருஷம் சும்மா உக்காந்திருப்பா. கேக்க வேண்டியது இதெல்லாம்: ஃபர்னஸ் கெட்டா யார் சரி பண்றாங்க, எத்தனை நாள்ல; கடைசியா முடிச்ச அஞ்சு ஸ்டூடெண்ட் எத்தனை வருஷம் எடுத்தாங்க, இப்போ எங்க இருக்காங்க; ப்ராஜெக்ட் பணம் எத்தனை வருஷத்துக்கு இருக்கு. கைடு கிட்ட கேட்டா நல்லதா தான் சொல்வாங்க, பழைய ஸ்டூடெண்ட் கிட்ட தனியா கேக்கணும், அதுல ரெண்டு பேர் மழுப்பினா அந்த லேப் வேணாம். ஸ்டைபெண்ட் (மாச உதவித்தொகை) இல்லாம கைக்காசு போட்டு இந்தத் துறைல பி.எச்டி சேர வேணாம்ங்கிறது என் கருத்து, இதுல நான் கொஞ்சம் பிடிவாதம்.

அடுத்து உள்பிரிவு, இதத் தான் பசங்க யோசிக்கிறதே இல்ல. ராக்கெட், ஹைப்பர்சானிக் மாதிரி அதிக சூட்டுக்கான செராமிக் கேக்க கெத்தா இருக்கும், ஆனா பல நாடுகள்ல அந்த வேலை பாதுகாப்புத் துறையோட ஒட்டிக்கிட்டு இருக்கு, அந்த நாட்டு குடியுரிமை இல்லாதவங்கள பல ப்ராஜெக்ட்ல சேக்க மாட்டாங்க. வெளிநாடு போற ஐடியா இருந்தா இத முன்னாடியே தெரிஞ்சுக்கட்டும். பேட்டரிக்கான சாலிட் எலக்ட்ரோலைட் (பேட்டரிக்குள்ள திரவத்துக்குப் பதிலா வைக்கிற திடப்பொருள்), கெப்பாசிட்டர், ஃபியூயல் செல் பக்கம் இந்தத் தடை ரொம்பக் கம்மி. பேட்டரி ஆளுங்க இன்னிக்கும் பேசுற எல்.எல்.இசட்.ஓ. கார்னெட்ங்கிற சாலிட் எலக்ட்ரோலைட்ட பத்தி 2007-ல பேப்பர் போட்டது முருகன், தங்கதுரை, வெப்னர் மூணு பேரு, இத உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, அவளுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கும். உடம்புக்குள்ள வைக்கிற செராமிக்னா வேலை உண்டு, ஆனா அங்க டாக்டருங்களோட பேசத் தெரியணும், அனுமதி வாங்குற வேலையே வருஷக்கணக்குல போகும்.

புரொஃபசர் ஆகலைன்னா என்ன ஆகும்னு கேட்டிருந்தீங்க. பவுடர், சின்டரிங், மைக்ரோஸ்கோப் தெரிஞ்ச ஆள செமிகண்டக்டர் கருவி செய்றவங்க, பேட்டரி, என்ஜின், மெடிக்கல் இம்பிளாண்ட்னு பல பக்கமும் எடுப்பாங்க. கம்பெனிக்குப் போயிட்டா திரும்ப வரவே முடியாதுன்னும் இல்ல, ராபர்ட் கோபிள் எம்.ஐ.டி.ல பி.எச்டி முடிச்சு ஜெனரல் எலக்ட்ரிக் லேபுக்குப் போய், அலுமினால துளியூண்டு மெக்னீசியா சேத்து வெளிச்சம் ஊடுருவுற செராமிக் செஞ்சார், சோடியம் தெருவிளக்குக்குள்ள இருக்கிற குழாய் அது, அப்புறம் 1960-ல எம்.ஐ.டி.க்கே ஆசிரியரா திரும்பினார். கம்பெனில இருக்கிற வருஷங்கள்ல பேப்பரோ பேட்டண்டோ ஏதாவது ஒன்னு வெளிய வந்துட்டே இருக்கணும், இல்லன்னா திரும்புறது கஷ்டம்.

ஹெல்த் பத்தி அம்மா தனியா கேட்டதா எழுதியிருக்கீங்க. ஃபைன் பவுடர மூச்சுல இழுத்தா நுரையீரலுக்கு ஆகாது, சிலிக்கா தூசியும் பெரிலியம் ஆக்சைடும் உண்மையிலேயே ஆபத்து. ஒழுங்கான லேப்ல ஃபியூம் ஹுட் (காத்த வெளிய இழுத்துடுற கண்ணாடிக் கூண்டு), சரியான மாஸ்க், ட்ரெயினிங் எல்லாம் இருக்கும். லேப பாக்கப் போற அன்னிக்கு மேஜை மேல பவுடர் படிஞ்சிருக்கான்னு அவள பாத்துட்டு வரச் சொல்லுங்க.

அவ எந்தெந்த லேப் லிஸ்ட் போட்டிருக்கான்னு கேட்டு எனக்கு அனுப்புங்க, ஒவ்வொன்னா பாத்து சொல்றேன். ஆனா கைடுகளுக்கு மெயில் அவளே எழுதட்டும் சார், அவங்களோட ரெண்டு பேப்பராவது படிச்சிட்டு அதுல ஒரு கேள்வியோட எழுதட்டும். அப்பா எழுதுற மெயிலுக்கு எந்த புரொஃபசரும் பதில் போட மாட்டாங்க.