முன்னறையின் சாவி

கேள்வி: எனக்கு 54 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் சொந்த வீடு. ஆறு வருடங்களாக, ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் என் மனமும் இருண்டுவிடுகிறது. ஒன்பது, பத்து மணி நேரம் தூங்கியும் காலையில் கை கால் கனக்கிறது, எழ மனமில்லை. தீபாவளி அதிரசத்தை டப்பாவோடு மடியில் வைத்துக்கொண்டு தின்கிறேன். காரணமில்லாமல் அழுகை வருகிறது. தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஜோதி தரிசனம் பார்த்து வந்த பிறகுதான் தெளிகிறது. கணவருக்கு நெய்வேலியில் வேலை; விடியுமுன் கிளம்பி இருட்டிய பின் திரும்புவார். 81 வயது மாமியார் இரவில் தடுமாறி விழுகிறார் என்பதால் அவருடன் பின்கட்டு அறையில் படுத்துக்கொள்கிறேன். முன்பு அவர் இருந்த கிழக்குப் பார்த்த முன்னறையை, ஆறு வருடங்களுக்கு முன் மகன் கல்யாணத்தின்போது ஏசி போட்டு அவனுக்கென்று ஆக்கினோம். டொரண்டோவிலிருந்து அவன் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மூன்று வாரம் வருவான், அப்போது மட்டும் திறப்போம். மாமியாருக்கும் மறதி வந்துவிட்டது, காலை பத்து மணிக்கு “பொழுது விடிந்துவிட்டதா?” என்று கேட்கிறார். மகனுக்கும் அங்கே குளிர்காலத்தில் இதே சோர்வு வருமாம். தினமும் ஒரு வெளிச்ச விளக்கின் முன் உட்காருகிறானாம்; எனக்கும் ஒன்று அனுப்புவதாகச் சொல்கிறான். வாங்கிக்கொள்ளலாமா? வீட்டில் வெளிச்சத்துக்கும் கதகதப்புக்கும் வேறு என்ன செய்யலாம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

பதில்: அந்த முன்னறையின் சாவி எங்கே இருக்கிறது, சகோதரி?

விளக்கைப் பற்றிப் பிறகு பேசுவோம். மழைக்காலச் சோர்வு என்று எனக்கு வரும் கடிதங்கள் கொஞ்சநஞ்சமில்லை. ஐப்பசி பிறந்தால் போதும், கடலூர், புதுச்சேரி, பரங்கிப்பேட்டை என்று வரத் தொடங்கிவிடும். எல்லோரும் மேகத்தைத்தான் குற்றம் சொல்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் தொடங்கினீர்கள். ஆனால் முன்னறையைப் பற்றி, வீட்டில் எத்தனை அறை என்று யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த இரண்டு வரியை விட்டு நகரவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன் மகனுக்குக் கல்யாணம். அப்போது அத்தை முன்னறையிலிருந்து பின்கட்டுக்குப் போனார். அவருக்குத் துணையாக நீங்களும் போனீர்கள். உங்கள் மனம் இருளத் தொடங்கியும் ஆறு வருடம் ஆகிறது. இந்த இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதிவிட்டு, ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்காமல் எப்படி உறையை ஒட்டினீர்கள்? இரண்டு வருடம் என்றால் 104 வாரம். மூன்று வாரம் மகனுக்கு. மீதி 101 வாரம் அந்த அறையில் குடியிருப்பது யார்? விரிப்பு மூடிய கட்டிலும் ஓடாத ஏசியும். கடல் பக்கமிருந்து வரும் காலை வெளிச்சம் முழுவதையும் அவற்றுக்குக் கொடுத்துவிட்டு, எழுந்து நடமாடும் இரண்டு உயிர்கள் பின்கட்டில் ஒடுங்கியிருக்கின்றன.

அத்தைக்கு மறதி என்கிறீர்கள். உங்கள் வீட்டுக்கு நான் வந்ததில்லை. ஆனால் பின்கட்டு அறைகளை எனக்குத் தெரியும். ஒரே ஜன்னல், அதற்கு எதிரே இரண்டு முழத்தில் அடுத்த வீட்டுச் சுவர். கொசு வரும் என்று அந்த ஜன்னலையும் சாத்தியிருப்பீர்கள். குறுக்கே கட்டிய கொடியில் மூன்று நாளாகக் காயாத புடவை. சுவர் ஓரத்தில் ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருக்கும். அடைமழை நாளில் அந்த அறையில் காலை பத்து மணிக்குப் பொழுது விடியவில்லை. அதைத்தான் அவர் கேட்டார். உள்ளதைக் கேட்ட பெரியவளுக்கு மறதி என்று பெயர் வைத்துவிட்டீர்கள்.

என் தகப்பனாரும் தம் கடைசி மழைக்காலத்தில் இதே கேள்வியைக் கேட்டார். நெல் மூட்டை அடுக்கியிருந்த அறையில் அவருக்குக் கட்டில் போட்டிருந்தோம். “விடிந்து நாலு மணி நேரம் ஆகிறது” என்று எரிந்து விழுந்தேன். அவர் சரி என்பதுபோல் தலையசைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அந்த முதுகை என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன். வெளிச்சமுள்ள அறைக்கு வந்து சில வாரம் ஆன பின்னும் அத்தை அப்படியே கேட்டால், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவர் இரவில் விழுவதையும் அப்போதே சொல்லுங்கள். வயதானவர் விழுவதை வயதின் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

இப்போது விளக்குக்கு வருகிறேன். உங்கள் மகன் செய்வது அவருக்குச் சரி. டொரண்டோ வட அட்சரேகை 43 பாகைக்கும் வடக்கே இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அங்கே பகல் ஒன்பது மணி நேரம்கூட நீடிப்பதில்லை. பருவகால மனச்சோர்வை 1984-இல் ஒரு நோயாக விவரித்து எழுதியவர்களில் முதன்மையானவர் மருத்துவர் நார்மன் ரோசந்தால். அவரே தென்னாப்பிரிக்காவின் வெயிலில் வளர்ந்து அமெரிக்காவுக்குப் போய், அங்கத்திய குளிர்காலத்தில் சோர்ந்துபோனவர்தான். கடலூர் வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு டொரண்டோவில் அப்படி ஆவதில் வியப்பில்லை. அந்த விளக்கு 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும்; லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் அதன் முன் உட்காருவார்கள். வெளிச்சம் கண் வழியாக மூளைக்குப் போய், உடலுக்குள் இருக்கும் கடிகாரத்துக்குக் காலை வந்துவிட்டது என்று தெரிவிக்கிறது. தூக்கத்துக்குரிய மெலடோனின் சுரப்பு அடங்குகிறது. வெளிச்சம் அங்கே இல்லாததால் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

நீங்கள் இருப்பது வட அட்சரேகை 12 பாகைக்கும் தெற்கே. கடலூரில் வருடத்தின் மிகக் குறுகிய பகலே ஏறக்குறைய 11 மணி 25 நிமிடம். நீண்ட பகலுக்கும் அதற்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம்கூட இல்லை. வடகிழக்குப் பருவமழை மேகம் வெளிச்சத்தைக் குறைக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் மூட்டமான பகலில்கூடத் திறந்த வெளியில் ஓராயிரம் லக்ஸுக்கு மேல் இருக்கும். மேகம் கொஞ்சம் மெலிந்தால் பத்தாயிரத்தைத் தொடும். குழல்விளக்கு எரியும் பின்கட்டு அறையில் நூறு, மிஞ்சினால் இருநூறு. பூட்டைத் திறக்காமல் கனடாவிலிருந்து விளக்கு வரவழைப்பது, வீட்டுக் கிணற்றை மூடிவைத்துவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதுபோல. அறையைத் திறந்து ஒரு மழைக்காலம் முழுதும் இருந்து பார்த்தும் தீரவில்லை என்றால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு விளக்கை வாங்குங்கள். கண் நோய் உள்ளவர்களும், மனம் அளவுமீறி எழும்பித் தாழும் இருதுருவ நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதன் முன் உட்காரக் கூடாது.

“அவன் வரும்போது அறை புதிதாக இருக்க வேண்டாமா?” என்று நீங்கள் கேட்பீர்கள். அறையைப் பூட்டி வையுங்கள் என்று மகன் சொன்னாரா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. தாய்க்குக் கடல் தாண்டி விளக்கு அனுப்ப நினைக்கிற பிள்ளை, பாட்டியின் அறையைப் பறித்து வைத்திருக்க விரும்புவார் என்று நான் நம்பவில்லை. நீங்களாகச் செய்த காரியம் இது. பிள்ளை வராத ஏக்கத்தை ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள். பெற்ற மனம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டில் நல்ல அறை அந்த வீட்டின் மூத்தவருக்கு உரியது. பிள்ளை வந்தால் மூன்று வாரம் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கட்டும். பாட்டி இருக்கும் வீட்டில் பேரனுக்கு அது குறைச்சல் ஆகாது.

வடலூர் போய் வந்தால் தெளிகிறது என்கிறீர்களே, அதையும் யோசியுங்கள். தை பிறக்கும்போது மழை ஓய்ந்து வானம் திறந்துவிடுகிறது. அது ஒரு காரணம். அன்று நீங்கள் இருட்டோடு எழுந்து குளித்து, பஸ் பிடித்து, கூட்டத்தோடு நின்று, ஏழு திரைகளும் ஒவ்வொன்றாக விலகுவதைக் கண் கொட்டாமல் பார்க்கிறீர்கள். உங்கள் முன்னறையில் இருப்பது ஒரே ஒரு திரையும் ஒரு பூட்டும். 1867-இல் வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை, வந்தவர் யாராக இருந்தாலும் சோறு கிடைக்கிறது. அங்கே கைகூப்பிவிட்டு வந்து, வீட்டுப் பெரியவளுக்கு வெயிலைப் பூட்டி வைக்கலாமா?

ஆகவே வருகிற விடுமுறை நாளில் கணவரைக் கூப்பிட்டு, அத்தையின் கட்டிலை முன்னறைக்கு மாற்றச் சொல்லுங்கள். அவருடைய தாய்தானே? நெய்வேலியில் நாள் முழுதும் உழைக்கிறார் என்பதற்காக இந்தப் பொறுப்பு அவரை விட்டுப் போய்விடாது. இரவில் விழாமலிருக்கக் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு சிறு விளக்கு எரியட்டும், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி போடுங்கள். உங்கள் படுக்கையும் அங்கேதான். கனத்த திரையை எடுத்துவிட்டு மெல்லிய பருத்தித் துணி போடுங்கள், ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள். காலை ஆறரைக்குத் தூக்கம் தெளிந்தாலும் தெளியாவிட்டாலும் எழுந்து, காபித் தம்ளரோடு வாசலில் முக்கால் மணி நேரம் உட்காருங்கள். கோலத்தை நீங்களே போடுங்கள். சாரல் அடித்தால் நிலைப்படிக்கு உள்ளே நாற்காலியை இழுத்துக்கொள்ளுங்கள், முகம் மட்டும் வெளிச்சத்தைப் பார்த்து இருக்கட்டும். பகலில் ஒரு தூக்கம் என்று பின்கட்டுக்குத் திரும்பிப் போகாதீர்கள்.

கதகதப்பு என்றும் கேட்டிருந்தீர்கள். டிசம்பர் இரவிலும் நமக்குச் சுமார் 21, 22 டிகிரி இருக்கும். குளிரைவிட ஈரம்தான் நம்மை வதைக்கிறது. படுக்கும் அறையில் துணி காயப் போடாதீர்கள். வெயில் எட்டிப் பார்க்கும் அரை மணி நேரத்தில் முதலில் தலையணையையும் போர்வையையும் மாடிக்குக் கொண்டுபோங்கள், மற்ற வேலை காத்திருக்கட்டும். வெந்நீரில் குளியுங்கள். சாயங்காலம் சாம்பிராணி போடும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்; கரிச்சட்டியைக் கதவடைத்த அறையில் வைத்தால் அதன் புகை உயிரைக் குடித்துவிடும். அதிரச டப்பா பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குப் போகட்டும்.

இன்னொன்றையும் நீங்கள் எழுதவில்லை, ஆனால் கடலூர்க்காரர்கள் யாரும் எழுதாமலே எனக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல். எல்லாம் இதே மாதங்களில். காற்று கொஞ்சம் ஊளையிட்டாலே பலா மரங்கள் சாய்ந்து கிடந்த அந்தக் காலை கண்முன் வரும். அந்தப் பயத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு சோர்வு என்று சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், அத்தையோடு பேசுங்கள். உங்களைவிட அதிகப் புயல் பார்த்தவர் அவர்.

தைராய்டும் இரத்தசோகையும்கூட இதே களைப்பைத் தரும் என்பதால் இந்த மாதமே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலோ, தைப்பூசம் வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்து தந்தால் ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

மகனுக்கும் ஒரு வேலை உண்டு. குளிர்காலத்தில் நமக்குக் காலை ஏழு மணி ஆகும்போது அவருக்கு முந்தைய நாள் இரவு எட்டரை. தினமும் அந்த நேரத்துக்கு அவர் கூப்பிடட்டும். முன்னறை ஜன்னலைத் திறந்துவைத்து, அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நீங்கள் பேசுங்கள். விளக்கின் முன் தனியாக உட்காரும் அந்தப் பிள்ளையும் நம் ஊர்க் காலையைக் கொஞ்சம் பார்க்கட்டும்.

மார்கழியில் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். காலை பத்து மணிக்கு அத்தை என்ன கேட்கிறார் என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.