கணினிக் கேள்வி - பதில்: அச்சகத்தில் காணாமல் போன சேலைப் படம்

கேள்வி: மதுரை தெற்கு வாசல் பக்கம் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறோம். சித்திரைத் திருவிழாவுக்காக இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளில் நானே ஒரு துண்டறிக்கை தயாரித்து, பென் டிரைவில் அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். சேலைப் படம் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி மட்டுமே தெரிந்தது. வீட்டுக் கணினியில் படம் சரியாகவே இருக்கிறது. 'ஓப்பன்', 'இம்போர்ட்' இரண்டும் ஒன்றுதானா? உள்ளே கொண்டுவந்த படம் வெக்டராக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதறாத கோட்டுருவமாக, மாறிவிடுமா?

- வாசகி, மதுரை

பதில்: படத்தை உள்ளே கொண்டுவரும்போது ஒரு சிறு பெட்டி தோன்றி, 'எம்பெட்' செய்வதா, 'லிங்க்' செய்வதா என்று கேட்டிருக்கும். நீங்கள் 'லிங்க்' என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் துண்டறிக்கைக் கோப்புக்குள் படம் சேர்வதில்லை; படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற விலாசம் மட்டுமே எழுதப்படுகிறது. பென் டிரைவில் விலாசம் போயிற்று, படம் வீட்டிலேயே தங்கிவிட்டது. 'எம்பெட்' செய்தால் படம் கோப்புக்குள்ளேயே எழுத்துகளாக மாற்றிப் பதியப்படும். அதனால் படத்தின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும் என்றாலும், கோப்பை எங்கே கொண்டுபோனாலும் படமும் கூடவே வரும். ஏற்கெனவே 'லிங்க்' செய்தவற்றை 'எக்ஸ்டென்ஷன்ஸ்' மெனுவில் 'இமேஜஸ்' பகுதிக்குப் போய் மொத்தமாக எம்பெட் செய்துகொள்ளலாம்.

'ஓப்பன்' என்பது படத்தைத் தனி ஆவணமாகத் திறக்கிறது; பக்கத்தின் அளவும் படத்தின் அளவாகவே அமைந்துவிடும். செய்துகொண்டிருக்கும் துண்டறிக்கையிலேயே படத்தை வைக்க வேண்டுமானால் 'இம்போர்ட்' தான் சரி. கண்ட்ரோலுடன் 'ஐ' விசையை அழுத்தினால் போதும்.

இம்போர்ட் செய்யும்போது வரும் அதே பெட்டியில் டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) பற்றியும் ஒரு கேள்வி இருக்கும். பலரும் அதைப் பார்க்காமலே 'ஓகே' கொடுத்துவிடுகிறார்கள். 600 பிக்சல் அகலமுள்ள ஒரு படத்தை 96 டிபிஐ கணக்கில் கொண்டுவந்தால் அது ஆறேகால் அங்குல அகலத்தில் வந்து நிற்கும். 300 என்றால் 2 அங்குலம்தான். பிக்சல்கள் இரண்டிலும் அதே 600 தான். கையடக்கத் துண்டறிக்கை தெளிவாக அச்சாவதற்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்பதால், 6 அங்குல அகலத்தில் சேலையைக் காட்ட 1800 பிக்சல் அகலமுள்ள படம் தேவை. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை இழுத்துப் பெரிதாக்க வேண்டாம். கைபேசியில் எடுத்த மூலப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வந்த புகைப்படம் புகைப்படமாகவே இருக்கும், வெக்டராகாது. பெரிதாக்கிப் பாருங்கள்: நீங்கள் வரைந்த எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல நிற்கும், சேலையின் புள்ளியோ சிறுசிறு கட்டங்களாகச் சிதறும். 'பாத்' மெனுவிலுள்ள 'டிரேஸ் பிட்மேப்' படத்தை வெக்டர் கோடுகளாக மாற்றித் தரும். கடையின் சின்னம், கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம் ஆகியவற்றுக்கு அது மிகவும் ஏற்றது. டிரேஸ் செய்த உருவம் மூலப் படத்தின் மேலேயே வந்து உட்காருவதால், அதைச் சற்று நகர்த்திவிட்டு, அடியிலுள்ள படத்தை நீக்க மறவாதீர்கள்.

சுங்குடிச் சேலையின் புகைப்படத்தை மட்டும் அப்படி மாற்றாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் நனைப்பதால் உண்டாகும் அந்தப் புள்ளிகளில் ஒன்றுபோல மற்றொன்று இருக்காது; ஓரத்தில் சாயம் மெல்லக் கசிந்திருக்கும். கைமுடிச்சுக்குச் சாட்சியே அந்தக் கசிவுதான். டிரேஸ் அதைச் சீவித் தள்ளிவிடும். கோடுகளை இணைக்கும் கணுக்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து கணினியும் திணறும். சேலையைப் புகைப்படமாகவே விட்டுவிட்டு, துண்டறிக்கையின் கரைக்கு மட்டும் நான்கைந்து புள்ளிகளைச் சற்றே மாறுபட்ட வடிவங்களில் கையால் வரைந்து, 'குளோன்' (நகல்) செய்து வரிசையாக அமைத்தால் அழகாக இருக்கும்.

அச்சகத்துக்குப் பிடிஎஃப் ஆகச் சேமித்துக் கொடுங்கள். சேமிக்கும்போது எழுத்துகளைப் 'பாத்' ஆக, அதாவது வெறும் கோட்டுருவமாக, மாற்றும் வசதியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால், உங்கள் தமிழ் எழுத்துரு அங்கே இல்லாவிட்டாலும் கொம்பும் காலும் இடம் மாறாது. எழுத்துப் பிழை திருத்துவதற்கு இங்க்ஸ்கேப்பில் சேமித்த மூல எஸ்விஜி கோப்பைத் தனியே வைத்திருங்கள். 'பாத்' ஆன எழுத்தைப் பிறகு தட்டச்சு செய்து திருத்த முடியாது.