சிங்கிள் மால்ட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு எங்கே போகிறது?

கேள்வி: புதுச்சேரிக்குப் போகிறேன். பிளெண்டட் ஸ்காட்ச் விஸ்கியைவிட சிங்கிள் மால்ட் விஸ்கிக்கு இரண்டு, மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். சுவையில் அவ்வளவு வித்தியாசம் உண்டா? கொடுக்கும் காசுக்குத் தகுமா? வாங்கி ஊருக்குக் கொண்டுவரலாமா?

பதினான்கு வருடம் கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போய், புதுச்சேரியில் ஒரு தனியார் ஒயின் ஷாப்பில் கணக்கு எழுதினேன். குடிப்பதில் நான் சுமார்தான். மாதத்தில் இரண்டு மாலை, அதுவும் புதுச்சேரி எல்லைக்குள் தவளக்குப்பத்தில் அக்கா வீட்டு மொட்டை மாடியில். ஆனால் கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்கு, யார் எதை ஆசையாகக் கேட்டு வாங்கினார்கள், அடுத்த வாரம் வந்து எதைக் கேட்டார்கள் என்பது காதில் விழுந்துகொண்டே இருக்கும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். வித்தியாசம் உண்டு, நன்றாகவே உண்டு. ஆனால் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு முழுவதும் சுவைக்குப் போவதில்லை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘சிங்கிள்’ என்றால் ஒரே பீப்பாய் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். ஒரே ஆலை என்பதுதான் பொருள். முளைகட்டிய பார்லியை (மால்ட் என்பது அதுதான்) மட்டும் கொண்டு, ஒரே ஆலையில், செம்புக் கலன்களில் ஈடு ஈடாகக் காய்ச்சியது சிங்கிள் மால்ட். அந்த ஆலையின் நூறு பீப்பாய்களைக் கலந்து பாட்டிலில் அடைத்தாலும் அது சிங்கிள் மால்ட்தான். கோதுமையோ மக்காச்சோளமோ சேர்த்து, தூண்போல் உயர்ந்த கலனில் இடைவிடாமல் வடிப்பது கிரெயின் விஸ்கி. செலவு குறைவு, சுவை லேசானது. பல ஆலைகளின் மால்ட்டையும் இந்தக் கிரெயின் விஸ்கியையும் கலந்தால் பிளெண்டட் ஸ்காட்ச். எல்லாமே ஸ்காட்லாந்தில், ஓக் பீப்பாயில், குறைந்தது 3 ஆண்டுகள் இருந்தாக வேண்டும். பாட்டிலில் 12 என்று போட்டிருந்தால், உள்ளே இருப்பதில் மிக இளையதற்கு 12 வயது. பிளெண்டட் என்றாலும் சிங்கிள் மால்ட் என்றாலும் இந்த விதி ஒன்றுதான்.

கடைக்கு வருகிறவர்களுக்கு நான் காபியை வைத்துச் சொல்வது வழக்கம். கும்பகோணத்துக்காரர் ஒருவர் பீபெரி என்ற ஒரு வகைக் காபிக்கொட்டையை மட்டும் வறுத்து அரைத்துக் குடிப்பார். இன்னொருவர் பீபெரியும் பிளாண்டேஷன் என்ற இன்னொரு வகையும் கலந்து, நூற்றுக்கு 20 பங்கு சிக்கரி போடச் சொல்வார். இரண்டாமவர் கலப்படக் காபி குடிக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை. இந்த உவமை முக்கால் பங்குதான் சரி. சிக்கரி காபியே இல்லை. கிரெயின் விஸ்கியோ பீப்பாயில் காலம் கழித்த அசல் விஸ்கி. ஆகவே பிளெண்டட் என்றதும் ‘தண்ணீர் விட்ட பால்’ என்று நினைப்பது தவறு.

சிங்கிள் மால்ட்தான் பரம்பரை, பிளெண்டட் பின்னால் வந்த மலிவுச் சரக்கு என்பதும் பாதி உண்மைதான். மால்ட் பழையது, ஆனால் உலகம் குடித்தது பிளெண்டட்டைத்தான். மால்ட்டையும் கிரெயினையும் வரி கட்டும் முன்பே கிடங்கில் வைத்துக் கலக்கலாம் என்று 1860இல் பிரிட்டனில் சட்டம் வந்தது. அதே காலகட்டத்தில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை ஃபிலாக்சரா என்ற பூச்சி அழிக்க, கோன்யாக் பிராந்தி தட்டுப்பாடாகி, அந்த இடத்தில் ஸ்காட்ச் போய் உட்கார்ந்துகொண்டது. (பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் உட்கார்ந்து இதை எழுதும்போது கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது. நம் பக்கத்தில் இன்றும் பிராந்திக்குத்தான் கூட்டம் என்பது அவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும்.) கிளென்ஃபிடிக் நிறுவனம் தன் மால்ட்டைத் தனியாக வெளிநாட்டுச் சந்தைக்குக் கொண்டுபோனது 1963இல். அதற்கு முன் மால்ட்டில் பெரும்பகுதி பிளெண்டட்டுக்குள்தான் கரைந்து போனது. இன்றும் நிறையக் கரைகிறது.

இனி விலை. கணக்கு எழுதியவன் என்பதால் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

சிங்கிள் மால்ட் ஸ்காட்சை ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைத்தாக வேண்டும். 2012 நவம்பர் முதல் அது அவர்கள் நாட்டுச் சட்டம். பிளெண்டட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெரிய கலன்களில் மொத்தமாக அனுப்பலாம். இங்கே தண்ணீர் சேர்த்து அடைத்துக்கொள்ளலாம். டீச்சர்ஸ், 100 பைப்பர்ஸ், பிளாக் டாக், வாட் 69 எல்லாம் இப்படி நம் நாட்டில் அடைக்கப்பட்டு வருபவை. உள்ளே இருப்பது ஸ்காட்லாந்து விஸ்கிதான். ஆனால் பாட்டில், மூடி, அட்டைப்பெட்டி, கூலி எல்லாம் உள்ளூர். சுங்கவரி திரவத்துக்கு மட்டும்.

அந்தச் சுங்கவரி பல ஆண்டுகளாக 150 சதவீதமாக இருந்து வந்தது. ஒரு உதாரணக் கணக்கு போடுங்கள். பெட்டியோடு வரும் சிங்கிள் மால்ட்டின் இறக்குமதி மதிப்பு 1,000 ரூபாய் என்றால் வரி 1,500; அடக்கம் 2,500. மொத்தமாக வரும் பிளெண்டட்டில் அதே அளவு 400 ரூபாய் என்றால் வரி 600, அடக்கம் 1,000. அங்கே 600 ரூபாயாக இருந்த வித்தியாசம் துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் 1,500 ஆகிவிட்டது. அதன்மேல் கலால் வரி, விநியோகஸ்தர் லாபம், கடை லாபம். சதவீதம் சதவீதமாக ஏறும் எதிலும் பெரிய தொகைதான் வேகமாக ஏறும். புதுச்சேரியில் கலால் வரி தமிழ்நாட்டைவிடக் குறைவு என்பதால் பாட்டில் மலிவாகத் தெரிகிறது. சுங்கவரி எல்லா ஊருக்கும் ஒன்றுதான். 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்தின்படி அது முதலில் 75 சதவீதமாகவும், பத்து ஆண்டுகளில் 40 சதவீதமாகவும் இறங்க வேண்டும். கடைக்காரர் விலைப்பட்டியலில் எவ்வளவு இறங்கும் என்பதில் எனக்கு அனுபவ ரீதியான சந்தேகங்கள் உண்டு.

ஆக, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஒருவர் ஒன்றுக்கு ஒன்றரை மடங்கு கொடுத்து வாங்குகிற சுவையை நாம் ஒன்றுக்கு இரண்டரை, மூன்று மடங்கு கொடுத்து வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘தகுமா’ என்ற உங்கள் கேள்விக்கு அங்கே ஒரு பதில், இங்கே வேறு பதில்.

இன்னொரு சின்ன விஷயம். இந்தியாவில் அடைக்கும் பிளெண்டட்டில் சாராய வலிமை 42.8 சதவீதம். கிளென்ஃபிடிக் 12 போன்ற மால்ட்டுகள் பெரும்பாலும் 40. ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் சிங்கிள் மால்ட் ஃபுல் வாங்கிப்போய், மறுநாள் காலியான பெட்டியோடு வந்து, “இது போலி ஐயா, ஏறவே இல்லை” என்று ஒரே ரகளை. அவருக்கு 40க்கும் 42.8க்கும் உள்ள கணக்கை நான் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். சமாதானமாகவில்லை. காகிதத்தை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

சரி, சுவைக்கு வருகிறேன். அக்கா வீட்டுக்காரர் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகு மெக்கானிக்காக இருந்தவர். போன சித்திரையில் அவரை வைத்து ஒரு மாலை மூன்று கிளாஸ் ஊற்றினேன். ஒன்றில் ஜானி வாக்கர் பிளாக் லேபிள், 12 வருட பிளெண்டட். இரண்டாவதில் கிளென்ஃபிடிக் 12, ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதி மால்ட். மூன்றாவதில் வெளிநாட்டிலிருந்து நண்பர் கொண்டுவந்த லாஃப்ராய்க், ஸ்காட்லாந்தின் ஐலா தீவைச் சேர்ந்த மால்ட். எவர்சில்வர் டம்ளரை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணாடி கிளாஸ் வாங்கினேன். தண்ணீர் கேன் தண்ணீர். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் ஒரு சொட்டு போதும், எந்த விஸ்கியும் உப்புக் கரித்துவிடும். தண்ணீர் விட்டது பாலாடையில். பேரனுக்கு மருந்து கொடுக்க வைத்திருந்தது. ஒரு பாலாடைக்குக் கொஞ்சம் குறைவாக விட்டதும் கிளென்ஃபிடிக்கில் பழுத்த பேரிக்காய் வாசனை மேலே வந்தது. விடுவதற்கு முன் அது அங்கே இல்லை. மூக்கை வைத்துப் பார்த்த மாமா, “பழக்கடை மாதிரி இருக்கிறதே” என்றார்.

மூன்றாவதை முகர்ந்ததும் கிளாஸைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“மாப்பிள்ளை, படகுக்குத் தார் பூசிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்ட கை மாதிரி இருக்கிறது.”

இதைவிடத் துல்லியமாக ஐலா விஸ்கியை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அங்கே முளைகட்டிய பார்லியைப் பீட் என்ற மக்கிய கரி மண்ணை எரித்த புகையில் உலர்த்துகிறார்கள். அந்தப் புகையின் ஃபீனால்தான் தார், டிஞ்சர், கருவாட்டுப் புகை எல்லாம். பிடித்தவர்கள் வேறொன்றைத் தொடமாட்டார்கள். பிடிக்காதவர்களுக்கு அந்தப் பாட்டில் அலமாரியில் பொங்கல் முதல் பொங்கல் வரை அப்படியே இருக்கும். முதல் சிங்கிள் மால்ட்டாக இதை வாங்கிவிடாதீர்கள்.

அப்புறம் அக்கா நெத்திலி வறுவல் கொண்டுவந்து வைத்தார். நான் செய்த தவறு அங்கேதான். நாலு நெத்திலி சாப்பிட்டுவிட்டுக் கிளென்ஃபிடிக்கை வாயில் வைத்தால் பேரிக்காயும் இல்லை, பார்லியும் இல்லை. மிளகாய்த்தூளின் எரிச்சல் மட்டும் விலையுயர்ந்த முறையில் பரவியது. பிளாக் லேபிளோ சோடாவும் ஐஸும் விட்ட பிறகும் அசரவில்லை. லேசான புகை, கொஞ்சம் வெல்லப்பாகு, அடுத்த நெத்திலிக்கு வழிவிடும் ஒரு சுத்தமான முடிவு. மாமா அன்று இரண்டு பெக்கும் அதிலேயே முடித்தார். மின்விசிறிக் காற்றே சூடாக வீசும் ஊரில், உப்பும் காரமும் தொட்டுக்கொண்டு, நாலு பேர் பேசிக்கொண்டு குடிக்கிற பழக்கத்துக்குப் பிளெண்டட்டைப் போல வேறொன்று பொருந்தாது. சிங்கிள் மால்ட் குடிப்பதானால் சாப்பாட்டுக்கு முன், தனியாக, கூட வறுக்காத பண்ருட்டி முந்திரி மட்டும். ஐஸ் வாசனையை உறைய வைத்துவிடும். சோடா விட்டுக் குடிக்கப்போகிறீர்கள் என்றால் நேர்மையாகச் சொல்கிறேன், சிங்கிள் மால்ட்டில் போட்ட காசு வீண்.

எனவே சோடாவுக்கென்றால் டீச்சர்ஸ் போதும். அதில் மால்ட் பங்கு மற்றவற்றைவிட அதிகம், ஆர்ட்மோர் ஆலையின் மெல்லிய புகையும் உண்டு. கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் 12 வருட பிளெண்டட்தான் என் கணக்கில் கடையிலேயே மதிப்புள்ள பாட்டில். புகை பிடிக்கும் என்றால் பிளாக் லேபிள், தேன் மாதிரி வேண்டும் என்றால் சிவாஸ் ரீகல். சிங்கிள் மால்ட்டைத் தொட்டுப் பார்க்க ஆசை, ஆனால் தயக்கம் என்கிறவர்களுக்கு நடுவில் மங்கி ஷோல்டர் என்று ஒன்று இருக்கிறது. பல மால்ட்டுகளின் கலவை, கிரெயின் கிடையாது. வயதைப் போடாமல் பெட்டியை மட்டும் பிரமாதமாகச் செய்து விற்கும் உயர்விலை பிளெண்டட்டுகளைச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்க வாங்குங்கள், நீங்கள் குடிக்க வேண்டாம்.

சுங்கவரி இல்லாத சிங்கிள் மால்ட்டும் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெங்களூருவின் அம்ருத் தன் மால்ட்டை 2004இல் கிளாஸ்கோவில், ஸ்காட்லாந்துக்காரர்களின் வீட்டு வாசலிலேயே, அறிமுகப்படுத்தியது. கோவாவின் பால் ஜானும் நல்ல பெயர் எடுத்திருக்கிறது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு இரண்டு சதவீதம் போல ஆவியாகும். பெங்களூருவில் பத்துக்கும் மேல். அந்த வெயிலில் விஸ்கி வேகமாக முதிர்கிறது, பன்னிரண்டு வருடம் காத்திருந்தால் பீப்பாய்தான் மிஞ்சும். அதனால் பெட்டியில் வயதைத் தேடாதீர்கள். ஆனால் ‘ஸ்காட்ச் மால்ட் சேர்க்கப்பட்டது’ என்று எழுதியிருக்கும் உள்நாட்டு விஸ்கி வேறு சங்கதி. அது ஸ்காட்சும் ஆகாது, சிங்கிள் மால்ட்டும் ஆகாது. லேபிளின் பின்பக்கத்தைக் கடையிலேயே படியுங்கள்.

ஊருக்குக் கொண்டுவருவது பற்றி: வேண்டாம். புதுச்சேரி மதுவைத் தமிழ்நாட்டுக்குள் எடுத்துவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டினால் கடலூர் ஆல்பேட்டையில் சோதனைச்சாவடி இருக்கிறது; பையைத் திறந்து காட்டச் சொன்னால் உங்கள் 12 வருட முதிர்ச்சி அங்கே எடுபடாது. நான் பதினான்கு வருடமும் அந்தச் சாவடியை டிபன் பாக்ஸோடு மட்டும்தான் தாண்டினேன்.

கொண்டுவர முடியாது என்பதால், ஃபுல் வாங்குவதற்கு முன் புதுச்சேரியில் ஏதாவது நல்ல பாரில் உட்கார்ந்து பிளாக் லேபிள் ஒரு 30 மில்லி, கிளென்ஃபிடிக் ஒரு 30 மில்லி பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ஐஸ் வேண்டாம், தண்ணீர் தனியாக என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நாலு கட்டி போட்டுத்தான் கொண்டுவருவார்கள்.