கூனுக்குப் பெல்ட், குதிகாலுக்கு மெத்தை: வளரும் பிள்ளைகளுக்கு எதை வாங்கலாம்?

கேள்வி: என் 13 வயது மகள் கைப்பேசியானாலும் பாடப்புத்தகமானாலும் கூன் போட்டுக்கொண்டே உட்காருகிறாள். தோள்களைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் பெல்ட்டைச் சில வாரங்கள் அணிந்தால் முதுகு நிமிர்ந்துவிடும் என்று ஒரு விளம்பரம் சொல்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பெல்ட் உடம்பில் இருக்கும்வரை தோள்கள் பின்னுக்கு நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அதைக் கழற்றிய பிறகும் அந்த நிமிர்வு நிலைக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று எதையும் இத்தகைய விளம்பரங்கள் காட்டுவதில்லை. கூன் போட்டு உட்காருவது ஒன்றாலேயே பிற்காலத்தில் முதுகுவலி வந்துவிடும் என்பதும் ஆய்வுகளில் உறுதிப்படாத நம்பிக்கைதான். எந்த நிலையில் உட்கார்ந்தாலும், அசையாமல் நெடுநேரம் அப்படியே இருப்பதுதான் கழுத்தையும் முதுகையும் அதிகம் சோர்வடையச் செய்கிறது.

பணம் கட்டுவதற்கு முன்னர் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியவை இரண்டு உண்டு. முதலாவதாக, மகளை நன்றாக நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். கூன் மறைந்துவிட்டால் அது பெரும்பாலும் பழக்கத்தால் வந்ததாகவே இருக்கும். நிமிர்ந்தாலும் மல்லாந்து படுத்தாலும் மேல்முதுகின் வளைவு விறைப்பாக அப்படியே இருந்தால், வளர் பருவத்தில் முதுகெலும்புகள் ஆப்பு வடிவில் வளரும் ஷொயர்மன் நோயாக அது இருக்கக்கூடும். இரண்டாவதாக, முழங்காலை மடக்காமல், இரு உள்ளங்கைகளையும் சேர்த்துக்கொண்டு முன்னால் குனியச் சொல்லி, பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மற்றதைவிட மேடாகத் தெரிந்தால் ஸ்கோலியோசிஸ் எனப்படும் பக்கவாட்டு வளைவு இருக்கிறதா என்று எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். எக்ஸ்ரே படத்தில் வளைவு 10 பாகை அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அந்தப் பெயரே சூட்டப்படும்.

விற்பனையாளர்கள் குழப்பத்தை உண்டாக்குவது இந்த இடத்தில்தான். ஸ்கோலியோசிஸ் உள்ள வளர் இளம் பருவத்தினருக்கு உடல் அளவெடுத்துச் செய்யப்படும் கெட்டியான கவசம் உண்மையிலேயே பயன்படுகிறது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், கவசம் அணிந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கும், அணியாமல் கண்காணிக்கப்பட்டவர்களில் 48 விழுக்காட்டினருக்கும் வளைவு அறுவை சிகிச்சை தேவைப்படும் அளவை எட்டவில்லை. அதிலும் ஒரு நாளில் அதிக நேரம் அணிந்தவர்களுக்கே அதிகப் பயன் கிடைத்தது. மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, அளவெடுத்து, தொடர்ந்து கண்காணிக்கும் சிகிச்சை அது. விளம்பரத்தில் வரும், இழுத்தால் நீளும் துணிப் பெல்ட்டுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. உடம்பில் படும் பொருள் என்ற காரணத்தைச் சொல்லி, பிரித்த பெட்டியைத் திருப்பி எடுக்க மறுக்கும் விற்பனையாளர்களும் உண்டு; அந்த நிபந்தனையையும் படித்துப் பாருங்கள்.

பழக்கத்தால் வந்த கூன்தான் என்று தெரிந்தால், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடமாடச் செய்வதும், அவளுக்குப் பிடித்த ஏதேனும் ஒரு விளையாட்டில் சேர்ப்பதும் போதும். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் உழைப்பும், வாரத்தில் குறைந்தது 3 நாள் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கேள்வி: “எலும்பு மருத்துவர்கள் பரிந்துரைப்பது” என்று அச்சிட்ட பள்ளிப் பையின் விலை சாதாரணப் பையைப் போல இரண்டு மடங்கு இருக்கிறது. அந்தக் கூடுதல் விலைக்குப் பலன் உண்டா?

பதில்: அந்த வாசகத்துக்காக எதையும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். எந்த மருத்துவர், எதைச் சோதித்துப் பார்த்துப் பரிந்துரைத்தார் என்று கேட்டால் கடைக்காரரிடம் பதில் இருக்காது. பள்ளிப் பைக்கும் பிள்ளைகளின் முதுகுவலிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றும், பையின் எடையோ வடிவமோ வலியை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே முடிவு செய்தது. அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் சுமக்கலாம் என்று ஆகிவிடாது. உடல் எடையில் 10 முதல் 15 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்ளும் வழக்கமான அறிவுரை நியாயமானதுதான். 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 4 முதல் 6 கிலோ வரை.

ஆகவே வெறும் பையையே எடை போட்டுப் பாருங்கள். திணிப்பும் உலோகச் சட்டமும் கூடக் கூட, பையே ஒரு கிலோவுக்கு மேல் இழுத்துவிடும். அகலமான இரண்டு தோள்பட்டைகளும், இடுப்புக்குக் கீழே தொங்காத நீளமும் இருந்தால் போதும். அடுத்த ஆண்டுக்கும் உதவட்டும் என்று பெரிய பையை வாங்காதீர்கள். இடம் இருந்தால் அது நிரம்பத்தான் செய்யும். சக்கரப் பை, வழியில் மாடிப்படி இல்லாதவர்களுக்கு மட்டும்.

கேள்வி: படிப்பதற்கு விலை உயர்ந்த கேமிங் நாற்காலி வேண்டும் என்று மகன் கேட்கிறான். உயரம் 150 சென்டிமீட்டர்.

பதில்: நாற்காலியின் பெயரைப் பார்க்காமல் அளவுநாடாவை எடுத்துச் செல்லுங்கள். பள்ளி இருக்கைகளுக்கான ஐரோப்பியத் தரநிலையில் ஏறத்தாழ 133 முதல் 159 சென்டிமீட்டர் உயரமுள்ளவர்களுக்கு இருக்கையின் உயரம் 38 சென்டிமீட்டர். அதற்கு அடுத்த அளவில் 43. பெரியவர்களுக்கான கேமிங் நாற்காலிகள் பலவற்றை அவ்வளவு தாழ்த்த முடியாது. கால் தொங்கும், தலையணை கழுத்தில் படாமல் தலையை முன்னுக்குத் தள்ளும். பாதம் தரையில் முழுமையாகப் பதிகிறதா, முதுகு சாய்ந்த நிலையில் முழங்காலுக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கிறதா என்று அவனை உட்கார வைத்துப் பார்த்த பிறகே வாங்குங்கள். வீட்டில் இருக்கும் நாற்காலியே உயரமாக இருந்தால் காலுக்கடியில் ஒரு பலகை போதும். மிச்சமாகும் பணத்தில் மடிக்கணினியை உயர்த்தும் தாங்கியும் தனி விசைப்பலகையும் வாங்கலாம்.

கேள்வி: கால்பந்து ஆடும் 11 வயது மகனுக்குக் குதிகால் வலிக்கிறது. காலணிக் கடையில் பாதத்தை ஸ்கேன் செய்து, தட்டைப்பாதம் என்று சொல்லி, காலணிக்குள் வைக்கத் தனியாகச் செய்யும் உள்ளட்டை வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: கடை ஸ்கேன் பாதத்தின் வடிவத்தைத்தான் காட்டும், வலியின் காரணத்தைக் காட்டாது. வலி இல்லாத, வளைந்து கொடுக்கும் தட்டைப்பாதத்துக்கு உள்ளட்டை தேவையில்லை. இந்த வயதில், ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்குக் குதிகால் வலி வருவதற்கு மிகச் சாதாரணக் காரணம் செவர் நோய். கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாண் இழுக்கும் இடத்தில், குதி எலும்பின் வளர்ச்சித் தட்டு (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி) உறுத்தலுக்கு உள்ளாவதுதான் அது. குதிகாலை இருபுறமும் அழுத்தினால் வலிக்கும். ஆட்டத்தைச் சில வாரங்கள் குறைப்பதும், கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியும், காலணிக்குள் வைக்கும் மலிவான குதிகால் மெத்தையும் பெரும்பாலானோருக்குப் போதும். வளர்ச்சித் தட்டு மூடியதும் தொல்லை தீர்ந்துவிடும். நொண்டி நடந்தாலோ, வீக்கமோ காய்ச்சலோ இருந்தாலோ, இரவில் வலி எழுப்பிவிட்டாலோ, கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள்.