சீட்டைக் கூட்டினால் போதுமா?

கேள்வி: கம்ப்யூட்டர் படித்தவர்கள் போதவில்லை என்று நிறுவனங்கள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கல்லூரிகளில் சீட்டை இரண்டு மடங்காக்கிவிட வேண்டியதுதானே, இதில் என்ன தயக்கம்?

பதில்: தாராளமாகக் கூட்டட்டும். ஆசையாகப் படிக்க வருகிற பிள்ளையை இடமில்லை என்று திருப்பி அனுப்புவதில் எனக்கு உடன்பாடே இல்லை. ஆனால் சீட் என்றால் வெறும் நாற்காலியா? முதல் செமஸ்டர் லேபில் ஒரு மாணவி எழுதிய புரோகிராம் நிற்காமல் ஓடுகிறது, திரை முழுக்க ஒரே வரி வந்து கொட்டுகிறது, அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து "இந்த லூப் எப்போது நிற்கணும், நீயே சொல்லு" என்று கேட்க ஒருவர் வேண்டும். இருபது முப்பது பேருக்கு ஒருவர் இருந்தால் அது நடக்கும். நூறு பேருக்கு ஒருவர் என்றால் அவள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவாள், அந்தப் பாடம் அதோடு போச்சு.

அந்த ஒருவரைப் பிடிப்பதுதான் பெரிய பாடு. பாடம் நடத்தும் தகுதி உள்ளவர்களை, ஆள் போதவில்லை என்று சொல்கிற அதே நிறுவனங்கள்தான் கூடுதல் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொள்கின்றன.

அப்புறம், இன்று சேர்கிறவர் பட்டத்தோடு வெளியே வர மூன்று நான்கு வருஷம் ஆகும். அமெரிக்காவில் 2003-04ல் கிட்டத்தட்ட 59,000 பேர் கணினித் துறையில் இளநிலைப் பட்டம் வாங்கினார்கள். அவர்களில் பலர் டாட்காம் அலை, அதாவது இணைய நிறுவனங்கள் திடீரென்று பெருகிய காலம், உச்சத்தில் இருந்தபோது சேர்ந்தவர்கள், படித்து முடிப்பதற்குள் அலை அடங்கிவிட்டது. அடுத்து வந்தவர்கள் பயந்து ஒதுங்க, 2008-09ல் அது 38,000 அளவுக்கு இறங்கியது, 2020-21லோ ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இந்த வருஷத்து வேலை விளம்பரத்தைப் பார்த்து சீட்டை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கேள்வி: சீட்டைக் கூட்டாமல், நல்ல மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் சேர்த்தால் தரம் நிற்குமே?

பதில்: நிற்காது. 1980களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் கூட்டத்தைச் சமாளிக்க இதைத்தான் செய்தன. 1984 வாக்கில் கணினிப் பட்டம் வாங்கியவர்களில் சுமார் 37 சதவீதம் பெண்கள், பின்னாளில் அது 18 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கதவைக் குறுக்கும்போது வீட்டிலேயே கம்ப்யூட்டரைத் தொட்டு வளர்ந்தவர்தான் முதலில் உள்ளே போகிறார், அவர்தான் கெட்டிக்காரர் என்றும் பேராகிவிடுகிறது. இதை நினைத்தால் எனக்கு ஆற்றாமைதான் வருகிறது.

கேள்வி: ஆன்லைனில் நடத்தினால் ஆசிரியர் பற்றாக்குறை தீராதா?

பதில்: ஓரளவுக்குத் தீரும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2014ல் ஏழாயிரம் டாலர் அளவில் ஆன்லைன் முதுநிலைப் படிப்பைத் தொடங்கி ஆயிரக்கணக்கானவர்களைப் படிக்க வைக்கிறது. ஆனால் அதில் சேர்கிறவர்கள் ஏற்கெனவே ஒரு பட்டம் முடித்தவர்கள், தானாக உட்கார்ந்து படிக்கப் பழகியவர்கள். பள்ளி முடித்து நேரே வருகிற பிள்ளைக்கு அது ஒத்துவராது. சீனியர் மாணவர்களுக்குச் சம்பளம் கொடுத்து லேபில் உதவிக்கு வைக்கட்டும், நிறுவனங்களும் வாரத்தில் ஒரு நாளாவது தங்கள் ஆட்களைப் பாடம் நடத்த அனுப்பட்டும், அந்த ஏற்பாடு ஆன பிறகு சீட்டைக் கூட்டட்டும்.