காது மெஷின் போட்ட பெண்ணுக்கு எந்த விருதுப் புத்தகம்?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் சின்ன வயதிலிருந்தே காது மெஷின் போடுகிறாள். “என்னை மாதிரி ஒருத்தி வர்ற கதையே கிடைக்கலைம்மா” என்கிறாள். கடைக்குப் போனால் பதக்க ஸ்டிக்கர் ஒட்டிய புத்தகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. எந்த ஸ்டிக்கரை நம்பி வாங்குவது?

பதில்: ஸ்டிக்கர் எல்லாமே ஒரே மாதிரி மினுங்கும், சொல்கிற சேதிதான் வேறு. 2000 முதல் கொடுக்கப்படும் பிரின்ட்ஸ் விருது, இளையோர் நூல்களில் எழுத்து எவ்வளவு நன்றாக இருக்கிறது என்றுதான் பார்க்கும். யாரைப் பற்றிய கதை என்பது அதற்கு ஒரு பொருட்டில்லை. கொரெட்டா ஸ்காட் கிங் விருது ஆப்பிரிக்க அமெரிக்கப் படைப்பாளிகளுக்கு, பூரா பெல்ப்ரே விருது லத்தீனோ படைப்பாளிகளுக்கு. அங்கே எழுதியவர் யார் என்பதுதான் முதல் கேள்வி.

நீங்கள் தேட வேண்டியது ஷ்னைடர் குடும்ப விருது. அமெரிக்க நூலகச் சங்கம் 2004 முதல், மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கையைச் சொல்லும் நூல்களுக்கு இதைக் கொடுக்கிறது. சின்னக் குழந்தைகள், நடுநிலைப் பள்ளி வயதுச் சிறுவர்கள், டீன் என்று மூன்று பிரிவுகள். ஆனால் ஒன்று: எழுதியவரும் மாற்றுத்திறனாளியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதில் கிடையாது. அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

2011-இல் டீன் பிரிவில் வென்றது ஆண்டனி ஜானின் ‘ஃபைவ் ஃப்ளேவர்ஸ் ஆஃப் டம்ப்’. காது கேட்காத பைப்பர் என்ற பெண் ஒரு ராக் குழுவுக்கு மேனேஜர் ஆகிறாள். (‘ஊமை’, ‘முட்டாள்’ என்று பொருள்படும் ‘டம்ப்’ தலைப்பில் இருக்கிறதே என்று முகம் சுளிக்க வேண்டாம், அது அந்தக் குழுவின் பெயர்.) அவள் கல்லூரிக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துத் தங்கைக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சை செய்து பொருத்தும் கேட்கும் கருவி) வைத்துவிடுகிறார்கள் பெற்றோர். பைப்பரின் அந்தக் கோபத்தை உங்கள் மகளிடம் விளக்க வேண்டியிருக்காது. எழுத்தாளர் ஆன் கிளேர் லெசாட்டே காது கேளாதவர். அவருடைய ‘ஷோ மீ எ சைன்’ 2021-இல் நடுநிலைப் பிரிவில் வென்றது.

சரி, ஷ்னைடர் பட்டியலோடு நின்றுவிடலாமா? கூடாது. சீசி பெல்லின் ‘எல் டெஃபோ’ 2015-இல் வாங்கியது நியூபெரி ஹானர், அதாவது அமெரிக்கச் சிறுவர் நூல்களுக்கான நியூபெரி விருதில் முதல் பரிசுக்கு அடுத்த இடம். நான்கு வயதில் மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவர் தன் கதையைத் தானே படக்கதையாக வரைந்திருக்கிறார். டீச்சர் கழுத்தில் மைக், சிறுமியின் நெஞ்சில் பெட்டி போன்ற மெஷின். டீச்சர் மைக்கைக் கழற்றாமலே கழிப்பறைக்குப் போக, அந்தச் சத்தமும் இவளுக்குத் தெளிவாகக் கேட்கிறது! சின்னவர்களுக்கான புத்தகம்தான், ஆனாலும் உங்கள் மகள் ஒரே மூச்சில் முடித்துவிடுவாள் என்றுதான் நினைக்கிறேன்.

உடனே வாங்கிவிடாதீர்கள். நூலகத்தில் ஷ்னைடர் பட்டியலைக் கேளுங்கள், டீனோடு நடுநிலைப் பிரிவையும் சேர்த்து. ‘ஹானர்’ என்று போட்டிருப்பதையும் ஒதுக்க வேண்டாம். இரவல் எடுத்து நடுவில் பத்துப் பக்கம் புரட்டிப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்குச் சண்டை, சிரிப்பு, ஒரு காதல் என்று ஏதாவது இருக்கிறதா, இல்லை பக்கத்துக்குப் பக்கம் அவளைப் பார்த்து மற்றவர்கள் உருகுகிறார்களா? உருகினால் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். புதுப் பட்டியல் வழக்கமாக ஜனவரியில் வரும்.