சொந்த அலுவலகமும் பிறர் பணமும்

அன்புள்ள ஐயா,

சீனியரிடமிருந்து பிரிந்து தனியாக அலுவலகம் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. நானும் ஒரு குமாஸ்தாவும் மட்டுமே. நீதிமன்றத்தில் நின்று பேசப் பயமில்லை. அலுவலகம் நடத்துவதுதான் பயமாக இருக்கிறது. ஒரு கட்சிக்காரர் பாதிக் கட்டணத்தைப் பாக்கி வைத்துவிட்டு வேறு வழக்கறிஞரிடம் போகிறார். பாக்கி வரும்வரை அவருடைய வழக்குக் கட்டைத் தராமல் வைத்துக்கொள்ளலாமா? இன்னொருவர் சமரசத்துக்காகக் கொடுத்த தொகை என் வங்கிக் கணக்கில் இருக்கிறது. எதிர்த்தரப்பு கையெழுத்திடச் சில வாரங்கள் ஆகும். அதுவரை வாடகைக்கு அதிலிருந்து எடுத்துக்கொண்டு, பிறகு போட்டுவிடலாம் என்கிறார் குமாஸ்தா. மூன்றாமவர் கடன் வசூலுக்கு வந்திருக்கிறார். பாதித் தொகையை ஏற்கெனவே பெற்றுக்கொண்டு அவர் எழுதிக்கொடுத்த ரசீதின் நகல் அவருடைய காகிதங்களுக்குள்ளேயே கிடக்கிறது. அசலை எதிராளி தொலைத்துவிட்டாராம். முழுத் தொகைக்கும் வழக்குப் போடச் சொல்கிறார். மறுத்தால் வேறு ஆளிடம் போய்விடுவார். பெரிய நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு நேர்மை சுலபம் என்று தோன்றுகிறது. நான் நினைப்பது தவறா?

ம.

அன்புள்ள ம.,

தவறில்லை, ஆனால் பாதிதான் சரி. பெரிய நிறுவனத்தில் கட்சிக்காரரின் பணத்தைக் கணக்குப் பிரிவு பார்த்துக்கொள்கிறது. புதிய வழக்கு பழைய கட்சிக்காரர் எவருக்காவது எதிரானதா என்று பார்க்க ஆள் இருக்கிறது. கெடு தேதியை இரண்டு மூன்று பேர் குறித்துவைக்கிறார்கள். அங்கே ஒருவர் தவறு செய்ய வேண்டுமானால் பலர் கண்ணில் மண்ணைத் தூவ வேண்டும். உங்கள் அலுவலகத்தில் அந்தப் பலரும் நீங்கள் ஒருவரேதான். சிறிய அலுவலகம் நடத்துகிறவர்கள் வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பேராசைக்காரர்கள் குறைவு. வாடகை தேதி நெருங்கியபோதும், தள்ளிப்போட்ட வேலை குவிந்தபோதும் விழுந்தவர்களே அதிகம். அதனால்தான் கணக்குப் புத்தகத்தையும் நாட்குறிப்பையும் நிர்வாக வேலை என்று நான் ஒதுக்குவதில்லை. ஒரு சிறிய அலுவலகத்தின் நேர்மை பெரும்பாலும் அந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

முதலில் அந்தச் சமரசப் பணம். அதைத் தொடாதீர்கள். குமாஸ்தா அதைக் கைமாற்று என்று நினைக்கிறார். சட்டத்தின் கண்ணில் அது கையாடல். திருப்பி வைத்துவிட்டால் தண்டனை குறையலாம், குற்றம் மறையாது. அதைவிட முக்கியமான ஒன்று, அந்தப் பணம் உங்கள் சொந்தக் கணக்கில் இருப்பதே சரியில்லை. கட்சிக்காரர் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்தாக வேண்டும் என்று இங்கிலாந்திலும் அமெரிக்க மாநிலங்களிலும் விதி இருக்கிறது. இந்திய பார் கவுன்சில் விதிகளும் கட்சிக்காரரிடம் பெற்ற தொகை, செலவு, கட்டணமாகக் கழித்தது எல்லாவற்றையும் தேதியோடு கணக்கில் காட்டச் சொல்கின்றன. நீங்கள் எங்கே தொழில் செய்தாலும், விதி கேட்டாலும் கேட்காவிட்டாலும், தனிக் கணக்கு ஒன்றைத் திறந்துவிடுங்கள்.

அதன் பிறகு ஒரு பேரேடு. ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் ஒரு பக்கம்: தேதி, யாரிடமிருந்து வந்தது, எதற்காக, எவ்வளவு, மீதி. மாதக் கடைசியில் எல்லாப் பக்கங்களின் மீதியையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை வங்கியில் அந்தக் கணக்கில் உள்ள தொகையோடு பைசா பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். கொடுத்த காசோலை ஒன்று இன்னும் வங்கிக்குப் போகாமல் இருக்கலாம். வித்தியாசத்துக்கு அந்த மாதிரிக் காரணம் மட்டுமே இருக்கலாம். எந்த ஒரு பக்கமும் பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. ஒருவர் பக்கம் கீழே போகிறதென்றால் அவருக்கான செலவை இன்னொருவர் பணத்தில் செய்திருக்கிறீர்கள் என்று பொருள், அது அவசரத்தில் கட்டிய நீதிமன்றக் கட்டணமாக இருந்தாலும் சரி. மாதம் ஒரு மாலை இதற்குப் போகும். தனியாகத் தொழில் செய்கிறவருக்குத் தணிக்கையாளர் அந்த மாலைப் பொழுதுதான்.

முன்பணமும் இதில் சேரும். வேலை முடியாதவரை முன்பணம் கட்சிக்காரருடையது. வேலை முடிய முடியக் கணக்குச் சொல்லி உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள். ஆபிரகாம் லிங்கன் இல்லினாய் மாநிலத்தில் ஒரு கூட்டாளியோடு சிறிய அலுவலகம் நடத்தியவர். இளம் வழக்கறிஞர்களுக்காக அவர் எழுதிவைத்த குறிப்புகளில், முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்காதீர்கள் என்கிறார். வாங்கிவிட்டால் அதே அக்கறை வழக்கில் தொடராது என்பது அவர் சொன்ன காரணம். நான் இதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன்: முழுக் கட்டணத்தையும் கடைசிக்கு விட்டுவிடவும் கூடாது. கடைசிக்கு விட்டவர்தான் நீங்கள் கேட்ட முதல் கேள்வியைக் கேட்கும் நிலைக்கு வருகிறார். கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு, மேல்முறையீடு இதில் அடங்குமா, செலவுகள் தனியா என்பதை ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கட்டணம் பற்றிப் பேசக் கூச்சப்படுகிற வழக்கறிஞர், ஆறு மாதம் கழித்து அதே கட்டணத்துக்காகக் கட்சிக்காரரோடு சண்டை போடுகிறார். அந்தக் கூச்சத்தில் எந்தப் பெருந்தன்மையும் இல்லை.

இனி அந்தக் கட்டு. இந்தியாவில் இதற்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத பதில் இருக்கிறது. ஒரு வங்கியின் வழக்கறிஞர் தன் கட்டணப் பாக்கிக்காக வழக்குக் கட்டுகளைப் பிடித்துவைத்த விவகாரத்தில், வழக்கறிஞருக்குக் கட்டின் மீது அப்படி ஒரு பிடிமான உரிமை கிடையாது, திருப்பித் தராதது தொழில் ஒழுங்கீனம் என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. இங்கிலாந்து மரபில் வழக்கறிஞருக்கு அந்த உரிமை உண்டு, பல வரம்புகளோடு. உரிமை இருக்கும் இடத்தில்கூட அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். நீங்கள் கட்டை மறிக்கும் நாளில் அவருடைய காலவரம்பு நின்றுவிடுவதில்லை. பாக்கி உங்களுக்கும் அவருக்கும் இடையிலான கடன். வழக்கோ அவருடைய வீடாகவோ குழந்தையாகவோ விடுதலையாகவோ இருக்கலாம். ஒவ்வொரு காகிதத்துக்கும் பட்டியல் போட்டு, உங்களுக்கு வேண்டியதை நகலெடுத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி, கட்டைக் கொடுத்துவிடுங்கள். பாக்கியைத் தனியாகக் கேளுங்கள், தேவையானால் அதற்குத் தனியாக வழக்கும் போடுங்கள்.

ரசீது விஷயம்தான் மூன்றிலும் கடினமானது. எதிராளிக்குச் சாதகமான எல்லாவற்றையும் நீங்களே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதில்லை. கட்சிக்காரர் நம்பிச் சொன்னதைக் காப்பது உங்கள் கடமை. ஆனால் மௌனம் வேறு, பொய் வேறு. பாதித் தொகை வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டே முழுத் தொகையும் பாக்கி என்று மனுவை எழுதினால், அந்தப் பொய்யை உங்கள் கையால் எழுதுகிறீர்கள். ஆவணங்களை வெளிப்படுத்தும்படி நீதிமன்றம் உத்தரவிட்டால் மௌனமும் பொய்யாகிவிடும். அவரை உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள்: மீதிப் பாதிக்கு வழக்குப் போடலாம், அது வலுவான வழக்கு. அசல் ரசீது குறுக்கு விசாரணையின்போது வெளியே வந்தால், உண்மையாகவே வரவேண்டிய பாதியைப் பற்றி அவர் சொல்வதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

காந்தி தென்னாப்பிரிக்காவில் தொழில் செய்தபோது ஒரு கணக்கு வழக்கில் நடுவர்களின் தீர்ப்பு அவருடைய கட்சிக்காரருக்குச் சாதகமாக வந்தது. அதில் ஒரு கணக்குப் பிழை இருந்தது, பற்றில் வர வேண்டிய ஒரு பதிவு வரவில் எழுதப்பட்டிருந்தது, அதுவும் இவர்களுக்கு லாபமாக. ஒப்புக்கொண்டால் முழுத் தீர்ப்பும் கவிழ்ந்துவிடும் என்று மூத்த வழக்கறிஞர் எச்சரித்தார். கட்சிக்காரர் சம்மதிக்க, காந்தியே நீதிமன்றத்தில் நின்று பிழையைச் சொன்னார். நீதிபதிகளில் ஒருவர் இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறதோ என்று முதலில் சந்தேகித்தார். வாதத்தைக் கேட்டு முடித்தபோது பிழை மட்டும் திருத்தப்பட்டு, தீர்ப்பு நிலைத்தது. இந்தச் சம்பவத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அவர் முதலில் கட்சிக்காரரின் சம்மதத்தைப் பெற்றார் என்பது. அவர் முதுகுக்குப் பின்னால் நல்லவராகவில்லை.

உங்கள் கட்சிக்காரர் சம்மதிக்காவிட்டால் வழக்கை ஏற்காதீர்கள். ஏன் என்று வெளியே சொல்லவும் செய்யாதீர்கள், அடுத்த வழக்கறிஞரிடம்கூட. இந்த இரகசியக் கடமை சிலநேரம் ஆளையே நசுக்கிவிடும். 1973-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர், வேறு இருவரின் உடல்கள் கிடக்கும் இடத்தைத் தன் வழக்கறிஞர்கள் இருவரிடம் சொன்னார். அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. காணாமல்போன பெண்ணின் தந்தை நேரில் வந்து கேட்டபோதும் திறக்கவில்லை. அந்த வழக்கறிஞர்களில் ஒருவர் மீது தொடரப்பட்ட குற்றவழக்கு 1975-இல் தள்ளுபடியானது. மற்றவரின் தொழிலோ ஊராரின் வெறுப்பில் ஏறக்குறைய அழிந்தது. சட்டப்படி அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன், அந்தத் தந்தையை எண்ணும்போது மனம் கனத்தாலும். இப்படிப்பட்ட சுமையைத் தனியாகச் சுமக்க வேண்டாம். நம்பகமான மூத்தவர் ஒருவரிடம், பெயரோ அடையாளமோ சொல்லாமல், ‘இப்படி ஒரு நிலை வந்தால்’ என்று கேளுங்கள்.

வழக்கு கைவிட்டுப் போய்விடும் என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். போகட்டும். முதல் சந்திப்பிலேயே அடையாளம் தெரியும். ஏற்கெனவே மூன்று வழக்கறிஞர்களை மாற்றியவர், மூவரும் ஏமாற்றினார்கள் என்கிறவர், செலவு பற்றிக் கவலையில்லை அவனுக்குப் பாடம் கற்பிக்க வேண்டும் என்கிறவர்: இவர்களை அனுப்பிவிட்டால் அந்த நேரத்தில் மூன்று நல்ல வழக்குகளை ஒழுங்காகப் பார்க்கலாம். மறுக்கும்போது மட்டும் வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். இந்த வழக்கை நான் ஏற்கவில்லை, காலவரம்பு ஓடிக்கொண்டிருக்கிறது, தாமதிக்காமல் வேறு வழக்கறிஞரைப் பாருங்கள் என்று நான்கு வரி எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஓராண்டு கழித்து, ‘நீங்கள் பார்த்துக்கொள்வதாக நினைத்தேன்’ என்று வந்து நிற்பார்.

நேரம் போதவில்லை என்று செயற்கை நுண்ணறிவிடம் மனு எழுதவிடுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். எழுதட்டும், ஆனால் மேற்கோள் காட்டும் ஒவ்வொரு தீர்ப்பையும் நீங்களே எடுத்துப் படியுங்கள். 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், இல்லாத தீர்ப்புகளை இப்படித் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் பெற்றார்கள். நீதிமன்றம் சந்தேகம் எழுப்பிய பிறகும் அவை உண்மையானவை என்று சாதித்ததுதான் அவர்களுக்குப் பாதகமாக முடிந்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் திடீரென்று மருத்துவமனையில் படுத்துவிட்டால் அடுத்த நாள் வாய்தாவுக்கு யார் போவார்கள்? தனியாகத் தொழில் செய்கிறவர்கள் இதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைக்க வேண்டும் என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1992-இலேயே கருத்துரை வெளியிட்டது. நம்பகமான ஒரு வழக்கறிஞரிடம் பேசி, அவருக்கு நீங்களும் உங்களுக்கு அவரும் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வழக்கு ஏற்கும்போதே அந்தப் பெயரைக் கட்சிக்காரரிடம் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். நாட்குறிப்பு, பேரேடு, கட்டுகள் எங்கே இருக்கின்றன என்பது குமாஸ்தாவுக்கும் அந்த வழக்கறிஞருக்கும் தெரிந்திருக்கட்டும்.